சான் எலிசியோவின் பகா எண்

எங்கள் ஊர் சான் எலிசியோவுக்கு என்று அதிகாரபூர்வமாக ஒரு மீன் உண்டு, ஒரு பூ உண்டு, ஒரு மரம் உண்டு. மரம் போன புயலில் விழுந்துவிட்டது; அதை அறிவித்த ஆணை மட்டும் நகராட்சி அலுவலகச் சுவரில் இன்னும் நிற்கிறது. எண் ஒன்றுதான் இல்லாமல் இருந்தது. அந்தக் குறையை மாகாண எண் மரபு மன்றம் கண்டுபிடித்தது. ஒவ்வொரு ஊரும் நாற்பத்தைந்து நாளைக்குள் தனக்கென ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்து, அதன் சிறப்புகளை விளக்கி, ஐந்து நகல்களுடன் மன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது.

பக்கத்து ஊர் ஏழு என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்தது. அதற்கும் அடுத்த ஊர் நூறு என்று எழுதி அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டது. புத்தி உள்ளவர்கள். எங்கள் ஊரில் அந்தப் பொறுப்பு உயர்நிலைப் பள்ளிக் கணக்கு ஆசிரியரான எலாடியோ தும்பொகோனிடம், அதாவது என்னிடம் வந்தது. எனக்கு அப்போது இரண்டு வியாதிகள் இருந்தன. ஒன்று, பத்தொன்பது வருடம் கணக்கு சொல்லிக் கொடுத்ததால் வந்த பெருமை. இன்னொன்று, பதினாலு வருடமாக வராத முதுநிலை ஆசிரியர் பதவி. அந்தப் பதவிக்கு ஏதாவது ஒரு அரசு அமைப்பு கொடுத்த "கல்விப் புதுமைச் சான்றிதழ்" வேண்டும். என்னிடம் இருந்ததெல்லாம் ஆசிரியர் தினத்துக்குக் கொடுத்த குடைகள்.

அதனால் நான் ஏழு என்றோ நூறு என்றோ எழுதவில்லை. இதை எழுதினேன்:

1000000000000066600000000000001

முதலில் ஒன்று. பிறகு பதின்மூன்று சுழியங்கள். நடுவில் மூன்று ஆறுகள். மறுபடி பதின்மூன்று சுழியங்கள். கடைசியில் ஒன்று. இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் அதே எண். மொத்தம் முப்பத்தொரு இலக்கம். முப்பத்தொன்றைத் திருப்பிப் போட்டால் பதின்மூன்று, ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கும் சுழியங்களின் கணக்கு. இவ்வளவு அலங்காரம் செய்துகொண்டும் அது பகா எண். ஒன்றைத் தவிர, தன்னைத் தவிர, வேறு எந்த எண்ணாலும் மிச்சமில்லாமல் வகுபடாது. இணையத்தில் அதை முதலில் பார்த்த அன்று, மணி அடித்தது தெரியாமல் கணினி அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். உலகத்தில் கணக்குத் தெரிந்தவர்கள் பலருக்கு அது ஏற்கெனவே பழக்கமான எண்தான். விண்ணப்பத்தில் "கண்டறிந்தவர்" என்ற இடத்தில் "எ. தும்பொகோன், இணையத்தில்" என்று எழுதினேன். மன்றம் வைத்த ஃபிளெக்ஸில் "இணையத்தில்" என்பது விடுபட்டுவிட்டது. நான் எடுத்துச் சொல்லவில்லை. எடுத்துச் சொல்ல ஏணி வேண்டும் என்று மனைவியிடம் சொன்னேன்.

அந்த ஃபிளெக்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். கவர்னரின் முகம், மேயரின் முகம், மன்றத் தலைவியின் முகம் மூன்றும் முழு அளவில் இருந்தன. எண்ணுக்கு இடம் போதவில்லை என்று அச்சகத்தில் பக்கத்துக்கு நாலு சுழியத்தை எடுத்துவிட்டார்கள். நான் போய்க் கேட்டேன். வெறும் சுழியம்தானே, மதிப்பே இல்லாதது, அதற்காக மேயரின் காதை வெட்ட முடியுமா என்று திருப்பிக் கேட்டார்கள்.

முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. படிவத்தில் ஒன்பதாம் கேள்வி, "இந்த எண்ணை வகுக்கும் எண்களில் குறைந்தது ஐந்தைக் குறிப்பிடுக." நான் இரண்டுதான் எழுதியிருந்தேன். மாகாணத் தலைநகருக்குப் படகேறிப் போய் மன்றச் செயலர் சாலுஸ்தியானோவைப் பார்த்தேன். கஞ்சி போட்ட சட்டை, பைக்குள் நாலு பேனா. பகா எண் என்றாலே அப்படித்தான் சார், இரண்டுக்கு மேல் இருந்தால் அது பகா எண்ணே இல்லை என்று பொறுமையாக விளக்கினேன். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, மற்ற ஊர்களெல்லாம் ஐந்தை நிரப்பியிருக்கும்போது உங்களுக்கு மட்டும் சலுகை கொடுத்தால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம் என்றார். நூறு என்ற எண்ணுக்கு ஒன்பது இருக்கிறதாம். அந்த ஊர்க்காரர்கள் உழைத்திருக்கிறார்களாம்.

மீதி மூன்று இடத்தில் "பொருந்தாது" என்று எழுதச் சொல்லி அவரே வழி காட்டினார். எழுதினேன். அடுத்த கேள்வி சிறப்புப் பண்புகள். இந்த எண்ணை இரண்டு வர்க்க எண்களின் கூட்டலாக எழுதலாம், அதுவும் ஒரே ஒரு வழியில்தான் எழுத முடியும் என்று போட்டிருந்தேன். நாலால் வகுத்தால் ஒன்று மீதி வரும் பகா எண்களுக்கெல்லாம் அந்தக் குணம் உண்டு. செயலர் அதைப் படித்து முகம் சுளித்தார்.

"ஒரே ஒரு வழியா? எதுக்கும் மூணு வழி வாங்கி ஒப்பிட்டுப் பாக்கணும் சார். கொள்முதல் விதி அப்படித்தான் இருக்கு."

அந்த இரண்டு வர்க்கங்கள் எவை என்றும் கேட்டார். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். எனக்குத் தெரியாது. இருக்கின்றன என்று தெரியும், எவை என்று தெரியாது. அவர் முதல்முறையாக என்னை மரியாதையோடு பார்த்தார். மன்றமும் பல விஷயங்களில் அந்த நிலையில்தான் இருக்கிறது என்றார்.

அடுத்தது சரிபார்ப்பு. பள்ளிக்கூடத்துப் பழைய கணினியே அது பகா எண் என்று கண் இமைக்கும் நேரத்தில் சொல்லிவிட்டது. கணினியால் கையெழுத்துப் போட முடியாது என்பதால் மன்றம் அதை ஏற்கவில்லை. மனிதர்கள் வகுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். வர்க்க மூலம் வரைக்கும் போய்ப் பார்ப்பதென்றால், நொடிக்கு ஒரு எண் வீதம் வகுத்தாலும் மூன்று கோடி வருடத்துக்கு மேல் ஆகும் என்று கடிதம் எழுதினேன். ஊர்த் திருவிழாவுக்குள் முடித்துவிடும்படி பதில் வந்தது.

கடைசியில், எங்கள் நகராட்சியில் இருக்கிற இருபத்துநாலு சிற்றூருக்கும் தலைக்கு ஒரு வகுக்கும் எண் என்று ஒதுக்கினோம். பட்டியல் போட்டது நான்தான். மூன்று என்ற எண் கிடைத்த சிற்றூர் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்து, இருபது வருகிறது, வகுபடாது என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் பன்றி வறுக்கப் போனது. எழுபத்தொன்பது கிடைத்தவர்கள், இது தேர்தலில் எதிர்ப்பக்கம் நின்றதற்குப் பழிவாங்கல் என்று மனு கொடுத்தார்கள். இருபத்துமூன்று ஊர்களிலிருந்து மீதி வருகிறது என்று அறிக்கை வந்தது. பதினேழு கிடைத்த ஊர் மட்டும் மீதியே இல்லாமல் வகுபடுகிறது என்று எழுதி அனுப்பியது. நான் ஓடினேன். அந்த ஊர்த் தலைவர் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"எங்க ஊர்ல எதையும் மிச்சம் வைக்கிற பழக்கம் இல்ல சார். மேலிடத்துக்குப் போற காயிதத்துல மிச்சம்னு எழுதினா எங்களுக்கு அவமானம்."

மன்றம் இதை வாக்கெடுப்பாக எடுத்துக்கொண்டது. இருபத்துமூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் என் எண் பகா எண் ஆனது. எனக்கு உள்ளூர வெட்கமாக இருந்தது. ஆனால் தீர்மானத்தின் நகல் ஒன்றை என் பதவி உயர்வுக் கோப்பில் வைத்தபோது வெட்கம் குறைந்துவிட்டது.

இவ்வளவு நாளும் அந்த மூன்று ஆறுகளை யாரும் கவனிக்கவில்லை. சுழியத்தை எண்ணுவதில் எல்லோரும் மும்முரமாக இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்த ஒரு அம்மாள், மேயர் முகத்துக்குக் கீழே 666 என்று எழுதியிருக்கிறதே என்று சத்தமாகவே கேட்டுவிட்டார். அது வேதாகமத்தில் மிருகத்தின் எண், அதாவது சாத்தானின் எண் என்று எங்கள் ஊரில் ஞானோபதேச வகுப்புக்குப் போன அத்தனை பேருக்கும் தெரியும். ஃபிளெக்ஸ் அன்றைக்கே இறங்கியது. மேயரின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து மறுபடி மாட்டினார்கள்.

அவசரக் கூட்டம் நகராட்சி மண்டபத்தில் நடந்தது. மன்றத் தலைவி டாக்டர் கொன்சோலாசியோனே நேரில் வந்தார். எங்கள் பங்குத் தந்தை ஃபாதர் அபுந்தியோவும் வந்தார். எழுபது வயது, நல்ல மனிதர், காது கொஞ்சம் மந்தம். மூன்று ஆறும் போக வேண்டும் என்றார் ஃபாதர். ஒரு ஆறும் போகக் கூடாது, போனால் அது வேறு எண் என்றேன் நான். தலைவி இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து பேசினார்.

"பகா எண்ணுன்னா யாராலயும் பிரிக்க முடியாதது. இந்த மன்றமும் அப்படித்தான். எங்களுக்குள்ள மூணு கோஷ்டி இருக்கு, ஆனா யாராலயும் எங்களைப் பிரிக்க முடியல. ஏன்னா நாங்க விட்டுக்கொடுப்போம். ஃபாதர் மூணு கேக்கறார், சார் ஒண்ணும் இல்லங்கறார். நடுவுல இருக்கற ஒரே ஒரு ஆறை மட்டும் எடுத்துருவோம். கடவுள் ஒருத்தர்தானே, அங்க ஒண்ணு போடுவோம்."

எல்லோரும் கை தட்டினார்கள். இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் அதே எண்தான், அழகு கெடவில்லை என்று செயலர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

என் மூளை ஒரு பழக்கப்பட்ட கழுதை. யார் என்ன எண் சொன்னாலும் அதன் இலக்கங்களை அதுவாகவே கூட்டிவிடும். ஒன்று, ஆறு, ஒன்று, ஆறு, ஒன்று. பதினைந்து. இலக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றால் வகுபட்டால் எண்ணும் மூன்றால் வகுபடும். கைதட்டல் ஓய்வதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. பகா எண் என்று ஊர் கூடிக் கொண்டாடப்போகிற எண், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பெருவிரலால் வகுத்துத் தள்ளிவிடக்கூடிய எண்.

என் முன்னால் இரண்டு காகிதங்கள் வந்தன. ஒன்று, திருத்திய எண் பகா எண்ணே என்று கணித ஆசிரியர் என்ற முறையில் நான் கொடுக்க வேண்டிய உறுதிமொழி. இன்னொன்று, எனக்குத் தரப்போகும் கல்விப் புதுமைச் சான்றிதழின் வரைவு. பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் இரண்டாவதை முதலில் படித்தேன். பிழை இல்லை. முதலாவதில் கையெழுத்துப் போட்டேன். பேனா செயலருடையது. அதைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வீட்டில் என் மனைவி மெல்பா, பள்ளிக்கூட வாசலில் நடத்துகிற சாப்பாட்டுக் கடையை மூடிவிட்டு, மீதமிருந்த பான்சித் நூடுல்ஸை என் தட்டில் வைத்தாள். நான் சாப்பிடவில்லை. என்ன ஆயிற்று என்றாள். ஒன்றுமில்லை, ஒரு இலக்கத்தை மாற்றியிருக்கிறார்கள் என்றேன்.

"ஒரு இலக்கம் மாத்தினா செல்போனே வேற எவன் வீட்டுலயோ அடிக்கும். நீ சரின்னுட்டியா?"

முப்பத்தொன்றில் ஒன்றுதானே என்றேன். அவள் என் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு எலுமிச்சையைப் பிழிந்துவிட்டு, சாப்பிடு, சான்றிதழ் வாங்கப் போகும்போது மயங்கி விழுந்தால் புகைப்படம் நன்றாக வராது என்றாள்.

கருங்கல் பலகை திருவிழாவுக்கு முதல் நாளே வந்து கூடைப்பந்து மைதானத்துக்குப் பக்கத்தில் நின்றது. கல்லில் எல்லா சுழியங்களுக்கும் இடம் இருந்தது. திறப்பு விழாவில் பள்ளி வாத்தியக் குழு வாசித்தது. முந்நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். மேடையில் எனக்குப் பக்கத்தில் ஃபாதர் அபுந்தியோ உட்கார்ந்திருந்தார். திரை விலகியதும் அவர் கல்லை வெகுநேரம் பார்த்துவிட்டு என் காதருகில் குனிந்து, பழைய ஏட்டுப் பிரதிகள் சிலவற்றில் மிருகத்தின் எண் 616 என்றுதான் எழுதியிருக்கிறது, குருமடத்தில் படித்தது இப்போதுதான் ஞாபகம் வருகிறது என்றார். அன்றைக்குக் கூட்டத்தில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அன்றைக்குக் கூட்டத்தில் கொடுத்த புட்டு நன்றாக இருந்தது, கவனம் அதில் போய்விட்டது என்றார்.

உறுதிமொழியை மக்கள் முன்னால் வாசிக்க என்னை அழைத்தார்கள். ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்று காகிதத்தைப் பிரித்தேன். வாசிப்பதற்கு முன் ஒருமுறை கூட்டத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

முன்வரிசையில் நின்ற போலீஸ்காரரின் உதடு அசைந்தது. மீன் விற்கிற லுமினாடா கல்லைப் பார்த்தபடி விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். ஜீப்னி வண்டி ஓட்டுகிறவர்கள், மேயரின் தட்டச்சர், தபால்காரர், வாத்தியக் குழுவில் பெரிய முரசை வயிற்றில் கட்டிக்கொண்டு நின்றவன், எல்லோர் உதடும் அசைந்தது. பத்தொன்பது வருடத்தில் இந்த ஊரில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். அவர்களில் எத்தனையோ பேரை, உனக்கெல்லாம் கணக்கு வரவே வராது என்று நான் திட்டியிருக்கிறேன். ஒரு எண்ணைப் பார்த்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தேனோ, அதைத்தான் அத்தனை பேரும் செய்துகொண்டிருந்தார்கள்.

நான் நல்ல ஆசிரியர் என்பது எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. அந்த நிமிடத்தைப் போல வேறு எப்போதும் நான் வியர்த்ததில்லை.

முதல் வரியை இரண்டு முறை தொடங்கி நிறுத்தினேன். நான் தடுமாறுவதைப் பார்த்து, உதவி செய்வதாக நினைத்து, லுமினாடாதான் முதலில் சொன்னாள்.

"பதினஞ்சு, சார்."

பின்னாலிருந்து நாலைந்து குரல் அதையே சொன்னது. பிறகு, வகுப்பில் சொல்வது போலவே ராகம் இழுத்து, மைதானம் முழுக்கச் சொன்னது. பதினஞ்சு, சார். அடுத்து நான் செய்தது துணிச்சல் இல்லை. பத்தொன்பது வருடப் பழக்கம். வகுப்பு பதில் சொன்னால் அடுத்த கேள்வி கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

"பதினஞ்சுன்னா?" என்றேன்.

"மூணால வகுபடும், சார்."

"உக்காருங்க" என்றேன். அதுவும் பழக்கம்தான். முந்நூறு பேரும் உட்கார்ந்தார்கள். நாற்காலி இல்லாதவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். மரியாதைக்கு எழுந்து நின்ற மேயரும் உட்கார்ந்துவிட்டார். நான் உறுதிமொழியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் இடத்துக்குப் போனேன்.

பிறகு டாக்டர் கொன்சோலாசியோன் எழுந்து ஒலிவாங்கிக்கு வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. நான் தலைவியா வந்து பதினோரு வருஷம்தான் ஆகுது. நீங்க பதினஞ்சுன்னு சொல்றீங்க. இன்னும் நாலு வருஷம் இருக்கச் சொல்றீங்க. மூணு கோஷ்டிக்கும் சமமா வகுத்துக் கொடுக்கவும் சொல்றீங்க. மக்கள் கேட்டு நான் எதையும் மறுத்ததில்ல."

வாத்தியக் குழு வாசிக்கத் தொடங்கியது.

என் பெயரைச் சான்றிதழுக்கு யாரும் கூப்பிடவில்லை. சாப்பாட்டு வரிசையில் தபால்காரர் தனக்கு முன்னால் எனக்கு இடம் விட்டார். லுமினாடா, சரியாகத்தானே சொன்னேன் சார் என்று கேட்டாள். சரி என்றேன். முழு மார்க்கா என்றாள். முழு மார்க் என்றேன். ஏழாம் வகுப்பில் நான் அவளுக்குப் போட்டது நூற்றுக்குப் பதினாறு.

இரண்டு வாரம் கழித்து மன்றத்திலிருந்து கடிதம் வந்தது, பதிவுத் தபாலில். தபால்காரர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் பிரிக்கும் வரை வாசலில் நின்றார். சான் எலிசியோவின் மரபு எண் மூன்றால் வகுபடுவதாக மன்றத்துக்குப் பல மனுக்கள் வந்துள்ளன. பதினோரு பேர் கொண்ட துணைக்குழு அதை ஆராய்ந்து, ஆறுக்கு ஐந்து என்ற வாக்குக் கணக்கில், வகுபடுகிறது என்று முடிவு செய்துள்ளது. மன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டபோது அந்த எண் பகா எண்ணாக இருந்ததற்கு ஆவணச் சான்று உள்ளது. ஆகவே, தங்கள் பொறுப்பில் இருந்த காலத்தில் அது பகாத் தன்மையை இழந்தது எப்படி என்று மூன்று நாளைக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். தங்கள் பதவி உயர்வுக் கோப்பு அதுவரை நிறுத்தி வைக்கப்படுகிறது. விளக்கம் எழுத இணைப்பில் ஒரு படிவம் இருந்தது. இருபது கோடு போட்டிருந்தார்கள். போதாவிட்டால் தனித்தாள் சேர்க்கலாமாம்.

முதலில் தனித்தாளில் நாலு பக்கம் எழுதினேன். ஃபாதர், தலைவி, செயலர், மேயரின் காது, பதினேழால் வகுத்த ஊர், எல்லாம் அதில் இருந்தது. என்னைத் தவிர எல்லோரும் இருந்தார்கள். மெல்பாவிடம் படித்துக் காட்டினேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே கடைசிவரை கேட்டுவிட்டு, நல்லாத்தான் இருக்கு, ஆனா கையெழுத்துப் போட்ட பேனா அன்னைக்கு யார் கையில இருந்துச்சு என்றாள்.

பேனா செயலருடையது என்று சொல்ல வாயெடுத்தேன்.

நாலு பக்கத்தையும் அவள் அடுப்புக்குக் கொடுத்துவிட்டு, படிவத்தை எடுத்து மேசையில் வைத்தேன். பகாத் தன்மையை இழந்ததற்கான காரணம் என்ற தலைப்புக்குக் கீழே, முதல் கோட்டில், "நான் கையெழுத்துப் போட்டேன்" என்று எழுதினேன். மற்ற பத்தொன்பது கோடும் காலியாக இருந்தது. ஐந்து நகல் எடுத்து அனுப்பினேன்.